சொன்ன தேதிக்குக் கை ஒத்துழைக்காதபோது என்ன சொல்கிறீர்கள்?

கேட்டவர்: ஊசிநூல்

வணக்கம். ஈரோடு பக்கம் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன், பதினேழு வருடமாக. வயது 42. 2019இலிருந்து முடக்குவாதம், மூட்டுகள் வீங்கி இறுகும் நோய். டாக்டர்கள் சீட்டில் ஆர்.ஏ. என்று எழுதுவார்களே, அது. மருந்து எது நல்லது என்று கேட்க வரவில்லை. கோயம்புத்தூரில் பார்க்கும் டாக்டரம்மா அதைப் பார்த்துக்கொள்கிறார். நான் கேட்பது வேறு. நாளைக்குக் காலையில் என் கை எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அப்படி இருக்கும்போது இன்னொருவரிடம் "வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கங்க" என்று எந்தத் தைரியத்தில் சொல்வது?

என் காலை எப்படிப் போகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும், கை மட்டும் எழுந்திருக்காது. விரல்கள் பாதி மடங்கிய மாதிரி நிற்கும். முழுதாக மடக்கவும் வராது, நீட்டவும் வராது. வலியைவிட இந்த இறுக்கம்தான் எனக்குப் பெரிது. அடுப்புத் திருகை உள்ளங்கையால் அழுத்தித் திருப்புவேன். பால் பாக்கெட்டைப் பையன் வெட்டித் தருவான். ஒரு குண்டானில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்து இரண்டு கையையும் முக்கி, உள்ளேயே பிடியை மூடித் திறந்து, மூடித் திறந்து உட்கார்ந்திருப்பேன். ஏழரை மணிக்குமேல்தான் விரல் என் சொல் கேட்கும்.

வாசல் கோலம் போடுவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து இழையாக விட வேண்டுமே, அந்தப் பிடி போய்விட்டது. இப்போது மாமியார் போடுகிறார். அவருக்கு 71 வயது. அவர் குனிந்து போடுவதை நான் நின்று பார்க்கிறேன்.

ஆனால் பத்து மணிக்கு என்னைப் பார்க்கிறவர்களுக்கு எனக்கு நோய் இருப்பதே தெரியாது. அளவெடுப்பேன், வெட்டுவேன், மெஷினில் உட்காருவேன். பெடலை விட்டு மோட்டாருக்கு மாறி நாலு வருடம் ஆவதால் மெஷினில் ஓட்டுவது பெரிய கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் கைத்தையலில்தான். கொக்கி வைப்பது, அதற்கு நூல் வளையம் கட்டுவது, கை ஓரத்துக்கு எம்மிங் பிடிப்பது. ஊசியைக் கிள்ளிப் பிடிக்கும் அந்த இரண்டு விரல் முட்டியில்தான் நோய் முதலில் வந்து உட்கார்ந்தது. முன்பு லைனிங்கையும் மேல்துணியையும் சேர்த்து வைத்து ஒரே வெட்டாக வெட்டுவேன். இப்போது தனித்தனியாக. முன்பு ஒரு நாளைக்கு ஐந்து ஜாக்கெட், இப்போது நல்ல நாளில் இரண்டு. கெட்ட நாள் என்றால் ஒன்றுமில்லை. எந்த நாள் எது என்று முந்தின இரவுகூடத் தெரியாது.

போன ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்த ஜாக்கெட். வெள்ளிக்கிழமை முகூர்த்தம், புதன்கிழமை தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். மெஷின் வேலை எல்லாம் முடிந்துவிட்டது. ஆறு கொக்கியும் கை எம்மிங்கும் மட்டும் பாக்கி. செவ்வாய் இரவு இரண்டு கையும் கொதித்துவிட்டது. முட்டிகள் சிவந்து, தொட்டால் சுட்டது. புதன் சாயங்காலம் பெண்ணின் அம்மா வந்து நின்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காலையிலிருந்து கரண்ட் இல்லைங்க்கா, மோட்டார் ஓடல." அப்போது என் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "சரி, நாளைக்கு வர்றேன்" என்று போய்விட்டார். அன்று இரவு பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்லக் கொக்கி வைத்தாள். வியாழன் காலையில் கொடுத்துவிட்டேன். பணத்தை எண்ணிக் கொடுத்தார். அதன்பிறகு அவர் வரவில்லை.

அந்த ஃபேன் இன்னும் என் கண்ணில் சுற்றுகிறது. பதினேழு வருடத்தில் நான் துணியைக் கெடுத்ததுண்டு, அளவு தப்பியதுண்டு, ஒத்துக்கொண்டு வேறு துணி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பொய் சொன்னது இந்த நோய்க்காகத்தான்.

உண்மையைச் சொல்லலாம் என்றால் பயம். கை நோய்க்காரி என்று ஊரில் பேச்சு வந்துவிட்டால் முகூர்த்த ஜாக்கெட் வராது. அதில்தான் நாலு காசு நிற்கும். சொந்தக்காரர்களிடம் சொன்னாலோ வாயு, கிழங்கு சாப்பிடாதே, முடக்கத்தான் தோசை சாப்பிட்டால் போய்விடும் என்பார்கள். முடக்கத்தான் தோசை எனக்குப் பிடிக்கும், வாரம் ஒரு தடவை சுடுகிறேன். நோய் அப்படியே இருக்கிறது.

உங்கள் வேலை இடத்தில் சொன்னீர்களா? சொன்ன பிறகு வேலை குறைந்ததா?

இன்னொன்று. இந்த நோய்க்கான மெதோட்ரெக்சேட் மாத்திரையை ஞாயிறு இரவு போடுகிறேன், வாரம் ஒரு தடவை. திங்கட்கிழமை முழுக்க வாய் கசந்து, தலை பாரமாகி, சோற்று வாசனையே ஆகாது. ஞாயிறு துணி எடுக்கிறவர்கள் திங்கட்கிழமைதான் தைக்கக் கொண்டுவருகிறார்கள். நீங்கள் எந்தக் கிழமை போடுகிறீர்கள்?

பதில்: பின்படிக்கட்டு

தங்கச்சி, தஞ்சாவூர் பக்கம் பஸ் கண்டக்டராக இருக்கிறேன். எனக்கு இருப்பது உங்கள் நோய் இல்லை, அதற்குப் பங்காளி. அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், முதுகெலும்பையும் இடுப்புப் பூட்டையும் பிடிப்பது. விடியற்காலை மூன்று மணிக்கு முதுகு பலகையாகி எழுப்பிவிடும். இதில் வினோதம் என்னவென்றால் படுத்தால் கூடும், நடந்தால் குறையும். அதனால் இதைச் சாதாரண முதுகுவலி என்று நினைத்து ஓய்வு எடு, ஓய்வு எடு என்று ஆறு வருடம் படுக்க வைத்தார்கள். கண் சிவந்து வலித்துக் கண் டாக்டரிடம் போனபோது அவர்தான், "முதுகு வலி இருக்கா?" என்று கேட்டு, ரத்தத்தில் ஹெச்.எல்.ஏ. பி27 என்ற, இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

என் கழுத்து முழுதாகத் திரும்பாது. பின்னாலிருந்து "கண்டக்டர்" என்று கூப்பிட்டால் உடம்போடு திரும்ப வேண்டும். ஓடுகிற பஸ்ஸில், கூட்டத்தில், அது உடனே நடக்காது. கூப்பிட்டும் காது கேட்காத மாதிரி நிற்கிறான், திமிர் என்று பேசுவார்கள். நான் பதில் சொல்லாமல் இருந்தேன். ஒரு நாள் ஒரு பெரியம்மா ஸ்டாப்பில் இறங்க முடியாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து போனார். அவர் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார், நான் திரும்புவதற்குள் விசில் கொடுத்துவிட்டேன். அன்றைக்குத்தான் இதை மறைப்பது என் கௌரவப் பிரச்சினை மட்டும் இல்லை என்று உறைத்தது.

இப்போது வண்டி புறப்படும்போதே சத்தமாகச் சொல்லிவிடுவேன்: "எனக்குக் கழுத்து திரும்பாது, இறங்குறவங்க முன்னாடியே தட்டிச் சொல்லுங்க." அவ்வளவுதான். நோயின் பெயர் இல்லை, கதை இல்லை. ஒரே ஒரு ஆள்கூட முகம் சுளித்ததில்லை. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளே பெரியவர்களுக்காக வந்து என் தோளைத் தட்டிச் சொல்கிறார்கள்.

பணிமனையில் சொன்னது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. முதல் ட்ரிப் வேண்டாம், மதிய ஷிப்ட் கொடுங்கள் என்று கேட்டபோது, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய் என்றார்கள். டாக்டர் சான்றிதழை வைத்து மூன்று தடவை எழுதிக் கொடுத்தபிறகுதான் கிடைத்தது. அந்த "நன்றாகத்தானே இருக்கிறாய்" என்பதை நீங்களும் கேட்பீர்கள். அதற்குத் தயாராகச் சொல்லுங்கள்.

உங்களிடம் வருகிறவர்களுக்கு முடக்குவாதம் என்றால் என்ன என்று தெரிய வேண்டியதில்லை. "கையில் மூட்டு நோய் இருக்கிறது, சில நாள் ஊசி பிடிக்க வராது, அதனால் தேதியை நான் தள்ளித்தான் சொல்வேன், சொன்னால் கொடுத்துவிடுவேன்." இது போதும்.

பதில்: நாலாம்நம்பர்சீட்டு

அக்கா, பன்னிரண்டு வருடமாக மருந்துக்கடையில் வேலை. என் அம்மாவுக்கும் ஆர்.ஏ. கிழமை பற்றி மட்டும் சொல்கிறேன்.

கிழமையை மாற்றலாம், நிறைய பேர் மாற்றுகிறார்கள். ஆனால் நீங்களாக மாற்றாமல் டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாறுகிற வாரத்தில் இரண்டு தடவை போட்டுவிடும் அபாயம் இருக்கிறது. இந்த மாத்திரையில் பெரிய ஆபத்தே அதுதான். வாரம் ஒரு தடவை போட வேண்டியதை மற்ற மாத்திரை போல் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவர் பிழைக்கவில்லை. மகன் வெளியூர், கண் சரியாகத் தெரியாத அப்பா, சீட்டில் ஆங்கிலக் கிறுக்கல். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்காது. அதிலிருந்து இந்த மாத்திரை யார் வாங்கினாலும் அட்டையின் பின்னால் "வாரம் ஒரு நாள் மட்டும்" என்று தமிழில் எழுதி, கிழமையைக் கேட்டு அதையும் எழுதித்தான் கொடுக்கிறேன்.

கூடவே ஃபோலிக் ஆசிட் தருவார்கள், இது தரும் தொல்லைகளைக் குறைக்க. இரண்டும் சின்ன மாத்திரை, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சில கம்பெனிகளில் பெயரும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

குமட்டலைப் பற்றியும் டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள், பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். ஃபோலிக் ஆசிட் அளவைக் கூட்டுவார்கள், அல்லது மாத்திரைக்குப் பதில் தோலுக்கடியில் போடும் ஊசிக்கு மாற்றுவார்கள். அம்மாவுக்கு ஊசிக்கு மாறியதும் அந்த வாந்தி உணர்வு பாதிக்குமேல் குறைந்தது.

காய்ச்சல், சிறுநீர்க் கடுப்பு என்று வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரை போடுவதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். கோட்ரைமாக்சசோல் என்ற கிருமி மருந்து இதோடு சேர்ந்தால் ரத்த அணுக்களை இறக்கிவிடும். ஈரல், ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொன்ன இடைவெளியில் தவறாமல் எடுங்கள்.

அப்புறம் ஒன்று. மூட்டுவலிக்கு என்று பெயர் இல்லாத பொடி, லேகியம் யாராவது கொடுத்து, மூன்றே நாளில் வலி மாயமாகிவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அம்மா ஒரு வருடம் அப்படி ஒன்று சாப்பிட்டார். முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து, ஒரு வழுக்கலில் மணிக்கட்டு உடைந்தது.

பதில்: கரும்பலகை

நான் மதுரை. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆர்.ஏ. வந்து இருபத்துநாலு வருடம். என் இரண்டு கையிலும் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. முதல் மூன்று வருடம் வலி மாத்திரையிலேயே ஓட்டினேன். சரியான மருந்தை முதலிலேயே ஆரம்பித்திருந்தால் இந்த அளவு சாய்ந்திருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் அம்மா: நல்லபடியாக இருக்கும் மாதத்திலும் மருந்தை விடாதீர்கள். வலி இல்லை என்பதால் உள்ளே வீக்கம் இல்லை என்று அர்த்தமில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல நாள் வந்தால் என்ன செய்கிறீர்கள்? நான் செய்தது இது. கை வந்துவிட்டது என்று தெரிந்ததும் பாக்கி இருந்த நாற்பது நோட்டையும் அன்றே திருத்துவேன், ஊறவைத்த துணியைப் பிழிவேன், மாவு ஆட்டுவேன். கெட்டுப்போன நாட்களுக்கெல்லாம் சேர்த்து அன்றே கடனை அடைக்கிற மாதிரி. அடுத்த இரண்டு நாள் சாக்பீஸ் பிடிக்க வராது. பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, என் கெட்ட நாட்களில் பாதியை நானே என் நல்ல நாளில் செய்துகொண்டிருந்தேன் என்று.

அப்புறம் ஒரு நோட்டுப் போட்டேன். தினமும் காலையில் இறுக்கம் எத்தனை மணி வரை நின்றது, முந்தின நாள் என்ன வேலை செய்தேன், இரண்டே வரி. மூன்று மாதம் எழுதிய பிறகு, ஒரு நாளைக்கு இருபது நோட்டுக்குமேல் போனால் மறுநாள் போய்விடுகிறது என்று தெரிந்தது. நாளைக்கு எப்படி இருப்பேன் என்று அதன்பிறகும் சொல்ல முடியவில்லைதான். ஆனால் ஒரு வாரத்துக்கு எவ்வளவு முடியும் என்று சொல்ல முடிந்தது. நீங்களும் நாளைக் கணக்கு வைக்காமல் வாரத்தைக் கணக்கு வைத்துத் தேதி சொல்லிப் பாருங்கள். உங்கள் ஆறு வேலை நாளில் மூன்று நாள் கை வரும் என்றே வைத்துக்கொண்டு, அதற்குத் தகுந்த ஜாக்கெட்டை மட்டும் வாங்குங்கள். நோட்டை உங்கள் டாக்டரிடமும் காட்டலாம், எனக்கு மருந்து மாற்ற அதுதான் உதவியது.

சாக்பீஸுக்கு நான் துணி சுற்றித் தடிமனாக்கிப் பிடித்தேன். ஊசிக்கு அது முடியாது என்று தெரிகிறது. அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் கொக்கி நன்றாக வைத்தாளா?

பதில்: கனகாம்பரம்

எனக்கு இந்த நோய் இல்லை. என் மகனுக்கு டைப் 1 சர்க்கரை, பதினோரு வயது, தினமும் நாலு இன்சுலின் ஊசி. நான் தைக்கக் கொடுக்கிறவர்கள் பக்கம் நின்று ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

அந்த அம்மா ஃபேனைப் பார்த்தபோது உங்களைப் பொய்க்காரி என்று நினைத்திருக்கலாம். என் பெண்ணுடைய ஜாக்கெட்டை விட்டு வேறு யாருடையதையோ தைத்திருக்கிறாள் என்றுதான் நானாக இருந்தால் நினைத்திருப்பேன். கை வீங்கிவிட்டது என்று கையைக் காட்டியிருந்தால் நானே உட்கார்ந்து கொக்கி வைத்திருப்பேன். கொக்கி வைக்கத் தெரியாத பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்?

மகன் பள்ளியில் முதலில் நாங்களும் மறைத்தோம். ஒரு நாள் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கிடந்தவனைத் தூங்குகிறான் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த நாளே வகுப்பு டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது அவர் மேஜை டிராயரில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கிறது. அந்த அம்மா வீடு எங்கே என்று தெரியும்தானே?

ஊசிநூல்

எல்லோருக்கும் ஒரு மாதம் கழித்துத்தான் பதில் எழுத முடிகிறது, மன்னியுங்கள்.

கரும்பலகை அம்மா, நோட்டுப் போட்டுவிட்டேன். நாலு வாரம்தான் ஆகிறது. மதியத்துக்குமேல் கைத்தையல் செய்தால் மறுநாள் காலை எட்டரை வரை இறுக்கம் நிற்கிறது. பத்திலிருந்து ஒன்று வரைக்குள் செய்தால் ஏழரைக்கு விட்டுவிடுகிறது. ஏழு வருடமாக இதைக் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கொக்கி அருமையாக வைக்கிறாள், என்னைவிடச் சின்னத் தையல். இப்போது அவளுக்கு ஜாக்கெட்டுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கிறேன். கல்லூரி போகிறாள், பஸ் செலவுக்கு ஆகிறது என்றாள்.

மருந்துக்கடைத் தம்பி, டாக்டரம்மாவிடம் கேட்டேன். புதன் இரவுக்கு மாற்றிக் கொடுத்தார், எந்தத் தேதியிலிருந்து என்று கையாலேயே எழுதித் தந்தார். ஃபோலிக் ஆசிட்டும் கூட்டியிருக்கிறார். வியாழன் இப்போது எனக்கு லீவு. அட்டையில் தமிழில் எழுதி ஒட்டியதைப் பார்த்து மாமியார் தன் பிரஷர் மாத்திரையிலும் எழுதித் தரச் சொன்னார்.

கண்டக்டர் அண்ணா, நீங்கள் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொல்கிறேன். முதல் ஆளிடம் சொல்லும்போது குரல் நடுங்கிவிட்டது. அவர், "எங்க அம்மாவுக்கும் அப்படித்தாங்க, எங்க காட்டறீங்க?" என்று கேட்டு டாக்டர் விலாசம் வாங்கிப் போனார். இரண்டு பேர் துணியைத் திருப்பி எடுத்துப் போனதும் உண்மை. அதில் ஒருவர் ஒன்பது வருடமாக என்னிடம் தைத்தவர். அது வலிக்கத்தான் செய்தது.

கனகாம்பரம் அக்கா, போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, அன்றைக்குக் கரண்ட் இருந்ததுங்க்கா, கைதான் வரவில்லை என்று சொன்னேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். என் வலது கையை எடுத்து மடியில் வைத்து, ஒவ்வொரு முட்டியாகப் பார்த்தார். பெண் இப்போது மாசமாக இருக்கிறாளாம். வளைகாப்பு ஐப்பசியில், அதற்கு ஜாக்கெட் வேண்டும், எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார். பதினைந்து நாள் என்றேன். இருபதாக வைத்துக்கொள் என்றார்.